இன்சாஸ்: நம்மூர்த் துப்பாக்கி மக்கர் பண்ணிய கதை

நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். இஞ்சினியரிங் முடிச்ச நாள்ல இருந்து இதே ஆணிதான். துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள நேரடித் தொடர்பு என்னன்னு கேட்டா, சோழவந்தான் ஜனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுல பலூன் சுட்டதோட சரி. அதுலயும் பத்துக்கு மூணு தேறினா பெரிய விசயம். இப்படிப்பட்ட ஆளுக்குத் துப்பாக்கி வரலாறு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

காரணம் இருக்கு. என் வேலையில பாதி நேரம் ஒரே ஒரு வாக்கியத்தோட மல்லுக்கட்டுறதுலயே போயிடும். "எங்க மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு!" புரோகிராம் எழுதினவன் சொல்லுவான், டெஸ்ட் பண்ணினவன் சொல்லுவான், சமயத்துல நானே சொல்லுவேன். கஸ்டமர் இடத்துல மட்டும் ஓடாது. எங்க தொழில்ல இதனால போறது தூக்கமும் கொஞ்சம் காசும். அதே வாக்கியத்தை ஒரு சிப்பாயோட கையில இருக்கிற துப்பாக்கியைப் பத்திச் சொன்னா என்ன ஆகும்? அதுக்கு நம்ம நாட்டிலேயே, கிட்டத்தட்ட நம்ம ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. இன்சாஸ். 'இந்தியன் ஸ்மால் ஆர்ம்ஸ் சிஸ்டம்' என்பதன் சுருக்கம்.

'நம்ம ஊர்ப் பக்கம்'னு சொன்னது சும்மா இல்லை. இது தயாரான மூணு அரசு ஆலைகள்ல ஒண்ணு திருச்சி படைக்கலத் தொழிற்சாலை. 1966ல் ஆரம்பிச்சது. மத்த ரெண்டு, வங்காளத்து இஷாப்பூரும் உத்தரப் பிரதேசத்துக் கான்பூரும். சோழவந்தான்ல ரயில் ஏறினா திண்டுக்கல், மணப்பாறை தாண்டித் திருச்சி. அவ்வளவு பக்கத்துல செஞ்ச சாமானைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாம இருக்குறது நல்லா இல்லைன்னு தோணுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை

1962ல் சீனாவோட போர் வந்தப்ப நம்ம ஜவான்கள் கையில் இருந்தது .303 லீ என்ஃபீல்டு. ரெண்டு உலகப் போர்லயும் பேர் வாங்கின துப்பாக்கி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு தடவை சுட்டதும் கையால போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்தணும். எதிர்ல வந்த சீனர்கள் பல பேர் வெச்சிருந்தது, தானே அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற ரகம். போர் எப்படி முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கு அப்புறம் வந்தது எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி வடிவமைச்ச எஃப்.ஏ.எல். துப்பாக்கியோட நம்மூர் வடிவம். 7.62 மி.மீ. தோட்டா. எடை நாலு கிலோவுக்கு மேல, நீளம் ஒரு மீட்டருக்கு மேல. விசையை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு. 1965, 1971 போர்க் காலம் எல்லாம் தாண்டி இன்னிக்கும் பல போலீஸ் ஸ்டேஷன்ல இதைப் பார்க்கலாம்.

1987ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனப்ப கையில் இருந்தது இதே எஸ்.எல்.ஆர்.தான். எதிரில் புலிகள் கையில் ஏ.கே. ரகம். யாழ்ப்பாணத்துச் சந்துகளில் நீளமான, ஒவ்வொரு குண்டாகச் சுடும் துப்பாக்கியோட, சரமாரியாகச் சுடும் குட்டையான துப்பாக்கியை எதிர்கொள்வது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. (அந்தப் போரின் நியாய அநியாயம் வேறு கதை. அதை இங்கே பேசவில்லை.)

ஆனா எஸ்.எல்.ஆருக்கு மாற்று தேடுறது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. உலகமே 7.62ல் இருந்து 5.56 மி.மீ. என்ற சின்னத் தோட்டாவுக்கு மாறிக்கிட்டு இருந்த காலம். சின்னத் தோட்டாவோட எடை பெரியதில் ஏறக்குறைய பாதி. அப்படின்னா அதே சுமையில ஒரு சிப்பாய் ரெண்டு மடங்கு தோட்டா கொண்டு போகலாம். உதைப்பும் குறைவு. 1980களில் புனேயில் இருக்கும் ஏ.ஆர்.டி.இ. என்ற ஆயுத ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்த வேலை வந்தது. டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் இருக்கும் ஆய்வகம் அது. ரைஃபிள், லைட் மெஷின்கன், கார்பைன் மூணையும் ஒரே குடும்பமா செய்யணும்னு திட்டம்.

நாலு இடத்துல இருந்து எடுத்த நல்ல விசயங்கள்

இன்சாஸை ஒரு இஞ்சினியர் கண்ணோட பார்த்தா சுவாரசியமான பொருள். உள்ளே இருக்கும் பிஸ்டனும் சுழலும் போல்ட்டும் ரஷ்ய ஏ.கே.எம். வழி. வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் எஃப்.ஏ.எல். வழி. இடது பக்கம் முன்னாடி இருக்கும் இழுப்புக் கைப்பிடி ஜெர்மானிய ஹெக்லர் அண்ட் கோச் வழி. பேரலுக்குள்ளே குரோமியப் பூச்சு.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. விசையை அழுத்திப் பிடிச்சா நிக்காம சுடுற வசதி ரைஃபிள்ல வேணாம்னு முடிவு பண்ணினாங்க. பதட்டத்துல சிப்பாய் மொத்தத் தோட்டாவையும் ரெண்டு விநாடியில வானத்துக்கு விட்டுடுவான். அதனால ஒவ்வொண்ணா சுடலாம், இல்லைன்னா மூணு மூணா சுடலாம். மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வெளியில இருந்து பார்த்தாலே இன்னும் எத்தனை தோட்டா மிச்சம்னு தெரிஞ்சிடும். இரும்பு மேகசின்ல இது முடியாது. எடையும் குறைவு. கேட்கும்போதே "அட, நல்ல ஐடியாவா இருக்கே"ன்னு தோணுதில்ல? எனக்கும் தோணுச்சு.

ஆனா நாலு இடத்துல இருந்து நல்ல நல்ல லைப்ரரியா எடுத்து ஒட்டிப் புரோகிராம் எழுதினவங்களுக்குத் தெரியும். ஒவ்வொண்ணும் தனித்தனியா அருமையா ஓடும். பிரச்சினை வர்றது ஒட்டு போட்ட இடத்துல. ஒட்டுன இடத்தைச் சோதிக்கிறதுக்குத்தான் நாள் அதிகம் ஆகும்.

இங்கே நாள் வேறு வழியில் போச்சு. ரைஃபிள் ஒரு பக்கம் தயாராக, 5.56 தோட்டாவைப் பெருமளவில் இங்கேயே தயாரிக்கும் வேலை தாமதமானது. இதுக்குள்ள காஷ்மீர்ல நிலைமை மோசமாக, அவசரத்துக்கு 1990களின் தொடக்கத்துல ஒரு லட்சம் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளை வெளிநாடுகள்ல இருந்து வாங்க வேண்டியதாப் போச்சு. 'தற்காலிக ஏற்பாடு'ன்னு உள்ளே வந்த ஏ.கே., பின்னாடி இன்சாஸுக்கே போட்டியா நின்னது. சிப்பாய்கள் ரெண்டையும் கையில வெச்சுப் பார்த்தாங்க. ஒப்பிட்டாங்க. எந்தப் புதுச் சாமானுக்கும் இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது.

1998 குடியரசு தின அணிவகுப்புல இன்சாஸை முதன்முதலா ஊர் பார்த்தது. டில்லி ராஜபாதையில், பளபளன்னு. அதுக்கப்புறம் பதினாறே மாசம். கார்கில்.

கார்கில்ல என்ன ஆச்சு?

மே 1999. அப்ப நான் கைக்குழந்தை, அதனால இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சதுதான். திராஸ், படாலிக் பக்கம் பதினாறாயிரம் அடி, அதுக்கும் மேல. கோடைக்காலத்துலயே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போகிற குளிர். கீழே இருந்து மேலே ஏறிப்போய், பதுங்கு குழிக்குள்ள பாதுகாப்பா உட்கார்ந்திருப்பவனோட சண்டை போடணும்.

அங்கிருந்து வந்த புகார்கள் நாலு.

ஒண்ணு: சுடும்போது துப்பாக்கி சிக்கிக்குது.
ரெண்டு: குளிர்ல பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விடுது.
மூணு: மூணு குண்டுல நிக்க வேண்டியது நிக்காம தொடர்ந்து சுடுது.
நாலு: சுடுறவன் கண்ணுல எண்ணெய் தெறிக்குது.

இதுல மேகசினை மட்டும் கொஞ்சம் விளக்கமா பார்க்கலாம். பார்க்க ஒரு டப்பா மாதிரித்தான் இருக்கும். ஆனா துப்பாக்கி நின்னு போகிறதுக்குப் பல நேரம் காரணமே இந்த டப்பாதான். உள்ளே ஒரு ஸ்பிரிங் தோட்டாக்களை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். மேலே ரெண்டு பக்கமும் உதடு மாதிரி விளிம்பு, அதுதான் தோட்டாவைச் சரியான கோணத்துல பிடிச்சு வைக்கும். இன்சாஸ் நிமிஷத்துக்கு 600 குண்டுக்கு மேல சுடும் வேகம் கொண்டது. அதாவது விநாடிக்குப் பத்து. ஒரு விநாடியில பத்துல ஒரு பங்கு நேரத்துக்குள்ள அடுத்த தோட்டா சரியான உயரத்துக்கு, சரியான கோணத்துல வந்து நிக்கணும். விளிம்புல ஒரு மயிரிழை விரிசல் விட்டாலும் கோணம் மாறும், தோட்டா பேரல் வாயில முட்டி நிக்கும். அவ்வளவுதான், துப்பாக்கி வெறும் இரும்புக் கம்பி.

பிளாஸ்டிக்குக்குக் குளிர் ஆகாது. வெயில்ல வளைஞ்சு கொடுக்கிற அதே பொருள், கடுங்குளிர்ல கண்ணாடி மாதிரி நொறுங்குற குணத்துக்கு வந்திடும். மிச்சத் தோட்டா தெரியணும்னு நல்ல எண்ணத்தோட செஞ்ச மேகசின், மலை உச்சியில பாறை மேல படீர்னு பட்டா அவ்வளவுதான். சமவெளியில சிறப்பம்சம், மலையில குறை.

எண்ணெய்க்கும் இதே கதிதான். குளிர்ல எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாகும். அசையும் பாகங்கள் வேகம் குறையும். சரின்னு எண்ணெயை அதிகமா போட்டா, சுடும்போது பின்னாடி பாயும் வாயு அதைச் சிதறடிக்கும். மூணு குண்டு எண்ணுற அமைப்பும் சின்னச் சின்னப் பல்லும் கொக்கியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த நுணுக்கமான விசயம். எண்ணெய் கெட்டியானாலோ தூசி ஏறினாலோ எண்ணிக்கை தப்பும்.

இந்த மாதிரிக் குறைக்கெல்லாம் உலகத்துல எந்தப் புதுத் துப்பாக்கியும் விதிவிலக்கு இல்லை. அதனால இதை வெச்சு மட்டும் "இந்தியனுக்குத் துப்பாக்கி செய்யத் தெரியாது"ன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். கேள்வி அதுக்கு அப்புறம் என்ன நடந்ததுங்கிறதுலதான்.

மிலிட்டரி மாமா சொன்னது

எங்க தெருவுல ஒரு முன்னாள் ராணுவக்காரர் இருக்கார். சொந்தம் ஒண்ணும் இல்லை, தெருவே அவரை மிலிட்டரி மாமான்னுதான் கூப்பிடும். 1980களின் கடைசியில பென்ஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்து வெத்தலைக் கொடிக்கால் பார்த்தவர். இன்சாஸைக் கையால தொட்டதே இல்லை, அவர் காலம் எஸ்.எல்.ஆர். இதைப் பத்தி அவர்கிட்ட பேசினப்ப அவர் துப்பாக்கியைப் பத்திப் பேசவே இல்லை.

"மாப்ள, எங்களுக்கெல்லாம் வாத்தியார் சொல்லிக்குடுத்த முதல் பாடமே துடைக்கிறதுதான். கயித்துல துணியக் கட்டி பேரலுக்குள்ள விட்டு இழுக்கணும். புல்த்ரூம்போம். பசிச்சாலும் சரி, தூக்கம் வந்தாலும் சரி, அது முடிஞ்சுதான் மத்தது. நாம துப்பாக்கியப் பாத்துக்கிட்டா அது நம்மளப் பாத்துக்கும்."

"சரிங்க மாமா, நல்லாத் துடைச்சும் நின்னு போனா?"

கொஞ்ச நேரம் பேசலை. "அப்புறம் அதத் தூக்கிட்டு எவன் முன்னால போவான்? கால் போகும், மனசு போகாதுல்ல."

இதுதான் விசயம்னு எனக்குப் பட்டது. நூறு தடவையில ஒரு தடவை சிக்குதுன்னா காகிதத்துல அது ஒரு சதவீதம். ஆனா கையில பிடிச்சிருக்கிறவனுக்கு அந்த ஒண்ணு எப்ப வரும்னு தெரியாது. அதனால மிச்ச 99 தடவையும் அவன் சந்தேகத்தோடதான் விசையை அழுத்துவான்.

"பயன்படுத்துறவங்க தப்பு"

கார்கிலுக்கு அப்புறம் சும்மா இருந்துடலை. குறைகளைச் சரி பண்ணி 1பி1ன்னு ஒரு ரகம் வந்தது. ஆனா மேகசின் உடையுற புகார் ஓயலை.

அடுத்த பெரிய சத்தம் நேபாளத்துல இருந்து வந்தது. மாவோயிஸ்ட்டுகளோட உள்நாட்டுப் போர்ல இருந்த நேபாள ராணுவத்துக்கு இந்தியா மானிய விலையில இன்சாஸ் கொடுத்திருந்தது. ஆகஸ்ட் 2005ல் காலிகோட் மாவட்டத்துல பிலிங்கிற இடத்துல இருந்த ராணுவ முகாமை மாவோயிஸ்ட்டுகள் தாக்கினாங்க. 43 வீரர்கள் செத்துப் போனாங்க. சண்டை நீண்டுக்கிட்டே போனப்ப துப்பாக்கிகள் சரியா வேலை செய்யலைன்னு நேபாள ராணுவம் வெளிப்படையாவே சொன்னது. இந்தியத் தரப்போட பதில், துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, கையாளுறதுலயும் பராமரிப்புலயும்தான் கோளாறு, வேணும்னா பயிற்சி தர்றோம் என்கிற பாணியில இருந்தது.

இருக்கலாம். பராமரிப்பு சரியில்லாம இருந்திருக்கலாம். ஆனா ஒரு துப்பாக்கி, சரியாகத் தூங்காத, பயத்துல இருக்கிற, நல்லாப் பயிற்சி இல்லாத ஒரு பையன் கையில வேலை செய்யணுமா வேண்டாமா? அவன்தானே உண்மையான கஸ்டமர்?

நவம்பர் 2014ல் சி.ஆர்.பி.எஃப். கேட்டது இன்னும் முக்கியம். மாவோயிஸ்ட் பகுதிகள்ல இருக்கிற தன் படைகளுக்கு இன்சாஸ் வேணாம், ஏ.கே. குடுங்கன்னு கேட்டாங்க. நம்பகத்தன்மைதான் காரணம். இங்க பாருங்க: கார்கில் உறைபனி. நேபாளம் நீண்ட நேரச் சண்டை. சத்தீஸ்கர் காடு, வெக்கையும் புழுதியும் மழையும். மூணு இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பயன்படுத்தினவங்களும் மூணு வேற வேற படை. 'இடம் சரியில்லை', 'ஆள் சரியில்லை'ங்கிற பதில் ஒரு தடவை எடுபடும். மூணாவது தடவை எடுபடாது.

மத்தவங்க என்ன பண்ணாங்க?

வியட்நாம்ல அமெரிக்காவோட எம்16 பட்ட பாட்டைப் பார்த்தா இன்சாஸ் எவ்வளவோ தேவலை. புதுசு, இலகு, நவீனம்னு பெருமையா அனுப்பினாங்க. தோட்டாவுக்குள்ள போடுற வெடிமருந்தை நடுவுல மாத்தினாங்க, அது கூடுதலா கரி பிடிச்சது, சுடும் வேகத்தையும் கூட்டிடுச்சு. தோட்டா உட்காரும் அறையில குரோமியப் பூச்சு இல்லை, வியட்நாம் ஈரத்துல துரு. இதுல கொடுமை, இதுக்குத் துடைக்கிற வேலையே அதிகம் இல்லைன்னு நம்பி, சுத்தம் பண்ற சாமான் போதுமான அளவுல அனுப்பவே இல்லை. துப்பாக்கி சிக்கிச் சிப்பாய்கள் செத்தாங்க. அவங்க வீட்டுக்கு எழுதின கடிதங்கள் பத்திரிகைக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் போச்சு. 1967ல் ஐகார்ட் தலைமையில ஒரு நாடாளுமன்றத் துணைக்குழு உட்கார்ந்து ராணுவத்தையே கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டு, அறிக்கையைப் பகிரங்கமா வெளியிட்டது. குரோமியப் பூச்சு வந்தது, துடைக்கிற சாமான் வந்தது. வில் ஐஸ்னர்னு பெரிய காமிக்ஸ் ஓவியர், அவரை வெச்சுப் படக்கதையாவே பராமரிப்புக் கையேடு போட்டாங்க. இன்னிக்கும் அமெரிக்கச் சிப்பாய் கையில இருக்கும் எம்4 அந்தத் துப்பாக்கியோட வாரிசுதான்.

பிரிட்டனோட எஸ்.ஏ.80ம் இப்படித்தான். 1985ல் வந்தது. 1991 வளைகுடாப் போர் மணல்ல திணறினது. கொசு விரட்டி மருந்து பட்டா பிளாஸ்டிக் பாகமே இளகுற அளவுக்கு நிலைமை. பல வருஷம் அதிகாரிகள் பூசி மெழுகினாங்க. கடைசியில 2000 வாக்குல ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோச்கிட்ட கொடுத்து, சுமார் 2 லட்சம் துப்பாக்கியை உள்பாகங்களை மாத்திச் சரி பண்ணினாங்க. செலவு 9 கோடி பவுண்டுக்கு மேல. அசிங்கம்தான், வெள்ளைக்காரன் ஜெர்மன்காரன்கிட்ட போய் நிக்கிறது. ஆனா துப்பாக்கி சரியாச்சு.

இது பழைய கதைன்னு நினைச்சா, ஒரு கைத்துப்பாக்கிக் கதையும் இருக்கு. ஜனவரி 2017ல் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் கம்பெனியோட பி320 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. 58 கோடி டாலர் வரைக்குமான ஒப்பந்தம். ராணுவச் சோதனையில கீழே விழுந்தா வெடிக்கிற குறை தெரிஞ்சது. விசைப் பகுதியின் எடையைக் குறைச்சு ராணுவத்துக்குப் போன எம்17 ரகத்துல அதைச் சரி பண்ணினாங்க. ஆனா கடையில பொதுமக்கள் வாங்கின பி320ல அந்தக் குறை அப்படியே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்ல சிலர் வெவ்வேறு கோணத்துல கீழே போட்டு வீடியோ எடுத்துக் காட்டின பிறகுதான், கம்பெனி இலவசமா மாத்தித் தர்றதா அறிவிச்சது. விதிமுறைப்படி நடத்துற சோதனையில எல்லாம் அந்த பிஸ்டல் பாஸ். வெடிச்சது சோதனை விதியில இல்லாத ஒரு கோணத்துல விழுந்தப்ப! எங்க பாஷையில சொல்லணும்னா, டெஸ்ட் கேஸ் எழுதினவன் யோசிக்காத இடத்துல பக். அதுலயும் ஒரு கிளையில சரி பண்ணிட்டு இன்னொரு கிளையில விட்டுட்டாங்க. வாரத்துக்கு ஒரு தடவை நாங்க பண்ற அதே கூத்து.

அப்ப வித்தியாசம் எங்க?

மூணு வெளிநாட்டுக் கதையிலயும் ஒரு பொது விசயம் இருக்கு. புகார், அதைச் சரி செய்யக்கூடிய ஆள்கிட்ட போய்ச் சேர ஏதோ ஒரு வழி இருந்தது. ஒரு இடத்துல நாடாளுமன்றக் குழு, ஒரு இடத்துல வெளிக் கம்பெனி, ஒரு இடத்துல காசு கொடுத்து வாங்கின சாதாரண ஆளோட வீடியோ. வழி நாறிக்கிட்டுத்தான் இருந்தது, தாமதமாத்தான் வேலை செஞ்சது. ஆனா இருந்தது.

இன்சாஸ்ல வடிவமைச்சது டி.ஆர்.டி.ஓ. செஞ்சது படைக்கலத் தொழிற்சாலை வாரியம். வாங்கினது ராணுவம். மூணும் ஒரே பாதுகாப்பு அமைச்சகத்தோட நிழல்ல. வாங்குறவனுக்கு வேற கடை கிடையாது, விக்கிறவனுக்கு வேற பயம் கிடையாது. மேகசின் உடைஞ்சா வடிவமைப்புல தப்பா, தயாரிப்புல தப்பா, பராமரிப்புல தப்பாங்கிற கேள்வியை மூணு பேரும் பந்து மாதிரி மாத்தி மாத்தி உருட்டலாம். நடுவுல நிக்கிறவன் சிப்பாய்.

எங்க பக்கம் கொடிக்கால்ல தண்ணி இறைக்க மோட்டார் வாங்குறவங்களைப் பார்த்திருக்கேன். புது மோட்டார் ரெண்டு தடவை மணல் அடைச்சு நின்னா, மூணாவது நாள் கடைக்காரர் வாசல்ல போய் சம்சாரி உட்கார்ந்திடுவார். "நீ வா, வந்து உன் கையால ஓட்டிக் காட்டு." கடைக்காரர் வைகை மணலை நேர்ல பார்ப்பார், வேற வால்வு போட்டுக் கொடுப்பார். அடுத்த தடவை விக்கும்போதே அந்த வால்வோட விப்பார். நம்பகத்தன்மைங்கிறது தொழிற்சாலையில மட்டும் செய்யுறதில்லை. வாசல்ல போய் உட்கார வழி இருக்கிற இடத்துலதான் அது உருவாகுது. பதினாறாயிரம் அடியில நிக்கிறவன் யார் வாசல்ல போய் உட்காருவான்?

ஒண்ணு நியாயமாச் சொல்லணும். இன்சாஸ் முழுக்க முழுக்கக் குப்பை இல்லை. குறி பார்த்துச் சுடுறதுல ஏ.கே.யை விட மேல்னு சொன்ன ராணுவத்தினர் உண்டு. கார்கில்ல ஜெயிச்ச படையோட கையில இதுவும் இருந்தது. திருச்சியில கடைசல் மெஷின் முன்னாடி நின்ன தொழிலாளி மேல பழியைப் போடுறதும் தப்பு. வரைபடத்துல இருக்கிற அளவுக்குச் செஞ்சு கொடுக்கிறதுதான் அவர் வேலை. புகாரை வரைபடத்துக்குக் கொண்டு போறது வேற யாரோ செய்ய வேண்டியது.

அதே திருச்சியில்தான் மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு நினைவிடம் இருக்கு. பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். மே 1999 கடைசியில படாலிக் பகுதி ஜூபர் மலையில மேலே ஏறிப்போய்ச் சண்டையில இறந்தவர். உடலைக் கீழே கொண்டு வரவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வீர் சக்ரா கொடுத்தாங்க. அவர் இறந்ததுக்கும் துப்பாக்கிக் கோளாறுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். துப்பாக்கி செய்யுற ஊரும் அதே, அந்த மலைக்குப் போய்த் திரும்பாத மகனோட ஊரும் அதே. இவ்வளவு பக்கத்துல இருந்தும் மலையில இருந்து ஆலைக்குப் பேச்சு போய்ச் சேரலைன்னா, தூரம் கிலோமீட்டர்ல இல்லைன்னு அர்த்தம்.

கடைசியில

2017ல் ராணுவம் இன்சாஸை மாத்தப் போறோம்னு முடிவெடுத்தது. வேடிக்கை என்னன்னா, 5.56ஐ விட்டுட்டு மறுபடி 7.62க்கே திரும்பினாங்க. பிப்ரவரி 2019ல் அமெரிக்காவில் இருந்து 72,400 சிக் 716 ரைஃபிளுக்கு ஒப்பந்தம். (ஆமா, மேலே பார்த்த அதே பிஸ்டல் குடும்பத்தோட கம்பெனிதான்.) டிசம்பர் 2021ல் ரஷ்யாவோட சேர்ந்து அமேதி பக்கம் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் மேல ஏ.கே. 203 தயாரிக்க ஒப்பந்தம், 5,000 கோடி ரூபாய்க்கு மேல. அக்டோபர் 2021ல் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தையே கலைச்சு ஏழு கம்பெனியாப் பிரிச்சாச்சு. திருச்சி ஆலை இப்ப அதில் ஒரு கம்பெனியின் கீழ். அங்கே இப்ப 'திருச்சி அசால்ட் ரைஃபிள்'னு ஒண்ணு செய்யுறாங்க. அடிப்படை? ஏ.கே.எம்.தான் :-)

வாரியம் கம்பெனி ஆனது நல்லதா கெட்டதான்னு பெரியவங்க சண்டை போடட்டும். எனக்குப் பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த துப்பாக்கியிலயும் குறை வரும். வராத துப்பாக்கியே கிடையாது. அன்னிக்கு ஏதோ ஒரு செக்போஸ்ட்டுல இருக்கிற இருபத்திரண்டு வயசுப் பையன், "சார், இது சிக்குது"ன்னு சொன்னா, அந்த வாக்கியம் எத்தனை நாள்ல, எத்தனை மேசை தாண்டி, வரைபடம் போடுறவர் காதுக்குப் போகும்? போய்ச் சேர்ந்ததும் அவர் "எங்ககிட்ட நல்லாத்தானே சுட்டுச்சு"ன்னு சொல்வாரா, இல்லை ரயில் ஏறி அந்த செக்போஸ்ட்டுக்கு வந்து பார்ப்பாரா?

அவர் ரயில் ஏறுற நாள்ல நம்ம துப்பாக்கி நல்ல துப்பாக்கி ஆயிடும்.